மத்தைத் தொடாதவள்

மத்தின் சத்தம் இன்னும் மாறவில்லை.

சபினா மத்தை மேலும் கீழுமாக இடித்துக் கடைய ஆரம்பித்தது எட்டு மணிக்கு. சுவர்க்கடிகாரத்தில் இப்போது பத்தடிக்கப் பத்து நிமிடம். வழக்கமாகப் பாலாடை முதலில் சேற்றில் கால் புதைவதுபோல் சத்தமிடும். அரை மணி, முக்கால் மணியில் அந்தச் சத்தம் இளகி, தண்ணீரை உள்ளங்கையால் தட்டுவதுபோல் ஆகும். அப்போது தாழியின் மூடியைச் சுற்றி மஞ்சள் மணிகள் ஒட்டும். கல்யாணமாகி இந்த மலையடிவாரத்துக்கு வந்த இரண்டு வருடத்தில், வெண்ணெய் திரளுவதைக் காதாலேயே அறிய அவள் பழகியிருந்தாள். இன்று ஒரு மணி ஐம்பது நிமிடமாகச் சேறு. வெறும் சேறு.

மூடியைத் தூக்கி விரலை விட்டுப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது. அதே இரண்டு மாடு, நான்கு நாள் சேர்த்த பாலாடை, கொதிநீர் ஊற்றிக் கழுவிய தாழி. போன வாரம் செய்த அத்தனையும் இந்த வாரமும் செய்திருந்தாள். நுரை மட்டும் விளிம்பு வரை எழுந்து நின்றது. விரலை நாக்கில் வைத்தாள். புளிப்பு இல்லை. கெட்டுப்போன வாடையும் இல்லை. எந்த ருசியும் இல்லை. மழைத்தண்ணீருக்குக்கூட ஒரு ருசி உண்டு.

அரைக்கதவின் மேல்பாதி திறந்திருந்தது. அதன் வழியாக ஈரப்புல்லின் வாசனையும், வேய்ந்த கூரையிலிருந்து தூறல் சொட்டும் சத்தமும் உள்ளே வந்து, சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிகள் கணப்பில் புகையும் காரநெடியோடும், உத்தரத்தில் தொங்கும் பன்றி உப்புக்கண்டத்தின் கொழுப்பு வாடையோடும், நெருப்போரம் காயப்போட்ட குழந்தைத் துணிகளின் புளித்த பால் வாடையோடும் கலந்து, அடுக்களை முழுவதும் கனமாகத் தேங்கி நின்றது. எல்லாம் தினமும் இருப்பதுதான். ஒரு சத்தம் மட்டும் குறைந்தது.

கோல்மன் அழவில்லை.

ஏழு மாதக் குழந்தை. நான்கு நாளாகப் பல் முளைக்கும் வேதனை. நீளமாக ஒரு அழுகை, அதன் முடிவில் ஒரு விக்கல், விக்கலுக்குப் பிறகு மறுபடி அழுகை. நான்கு நாளாக வீட்டில் யாரும் தூங்கவில்லை. இன்று காலை எட்டரை மணிக்கு அது நின்றது. நின்றபோது சபினாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த எட்டரை மணியை அவள் இப்போது நினைக்க விரும்பவில்லை. ஆனால் மத்து மேலேறும்போதெல்லாம் அதுதான் வந்து நின்றது.

கணவன் பார்ட்லி விடியற்காலையிலேயே மண்கட்டி வெட்டச் சதுப்புக்குப் போய்விட்டான். அவனுடைய அக்கா வின்னி, மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"இன்னைக்கு மே ஒண்ணாந்தேதி, வெண்ணெய் வளத்தத் திருடறவளுங்க நடமாடுற நாள், ஞாபகம் இருக்கட்டும். கடையறப்போ எவ வந்தாலும் ஆண்டவர் பேரைச் சொல்லி மத்துல கை வைக்கணும். வைக்கலன்னா வைக்கச் சொல்லு. நெருப்பு, உப்பு, பால், ஒண்ணும் வாசல் தாண்டக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

"கேக்கும். ஆனா மண்டையில ஏறாது. உங்க அப்பா கடையில வெண்ணெய் காகிதத்துல சுத்தியே பொறக்கும். இங்க அப்படி இல்ல."

வின்னிக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுக்களை அவளுடையது, சபினா அதில் ஒண்டுக்குடி. போன வருடம் சபினா சோடா ரொட்டிக்கு உப்புப் போட மறந்த கதையை, பூசை முடிந்து வருகிறவர்களிடம் வின்னி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். பழுப்புச் சால்வை. தலையை நன்றாக மூடியிருந்தாள். அரைக்கதவை அவளே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"புகையிலைச் சுங்கான் அணைஞ்சு போச்சு மகளே. ஒரு துண்டு நெருப்பு குடு."

சபினா மத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வெண்ணெய் தாமதமாகும். முதலில் ஆண்டவர் பேரைச் சொல்லுங்கள், மத்தை இரண்டு இடி இடியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது. தன்னைவிட மூத்தவள், தூரத்திலிருந்து நடந்து வந்தவள், ஒரு பொறி நெருப்புக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த இடிக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்கடுத்த இடிக்குப் பிறகு.

"எடுத்துக்கங்க. இடுக்கி அங்கதான் இருக்கு" என்றாள்.

தொட்டில் கணப்பை ஒட்டி இருந்தது. சபினா கதவின் வெளிச்சத்தைப் பார்த்து நின்று கடைந்ததால் கணப்பு அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"இப்படி அழறானே. பல்லா?"

"ஆமா. நாலு நாளா."

"பாவம். நீ நிறுத்தாத. கடை."

அழுகை நின்றது. விக்கல்கூட வரவில்லை. இடுக்கி கல்லில் உரசும் சத்தம், புகையிலை வாசனை. சபினா திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் வாசலைத் தாண்டிவிட்டாள். சால்வையை முன்னால் சேர்த்துப் பிடித்திருந்தாள், மழைக்கு அணைத்துப் பிடிப்பதுபோல. போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

விடிந்ததிலிருந்து தூறல் விடவேயில்லை. அந்தச் சால்வையில் ஒரு துளி ஈரம் இல்லை. இது சபினாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஆண்டவர் இந்த வேலைய ஆசீர்வதிக்கட்டும்!"

சபினா திடுக்கிட்டாள். வாசலில் தபால்காரர் ஃபெஸ்டஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. உள்ளே வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே மத்தை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"நகரு தங்கச்சி. வின்னி இல்லாத நேரம் பாத்துத்தான் வர்றேன். அவ இருந்தா டீக்கு முன்னாடி ஒரு முழு ஜெபமாலை சொல்ல வைப்பா." நான்கு இடி இடித்தார். முகம் சுருங்கியது. "என்னம்மா இது, தாழிக்குள்ள கடலையா ஊத்தி வச்சிருக்க? கை இறங்கவே மாட்டேங்குது."

"இன்னும் திரளல அண்ணே."

"எப்போ ஆரம்பிச்ச?"

"எட்டு மணிக்கு."

ஃபெஸ்டஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, வழியில ஒரு பொம்பளையப் பாத்தீங்களா? பழுப்புச் சால்வை போட்டவங்க."

"இந்த ரோட்டுலயா? பாலத்துலேருந்து உங்க வாசல் வரைக்கும் ஒரே நேரா தெரியுது. காலையிலேருந்து பாலத்தடியிலதான் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு நாயக்கூடப் பாக்கல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மா எவளும் பழுப்புச் சால்வையப் பத்திக் கேக்க மாட்டா" என்று சிரித்துக்கொண்டே தொட்டில் பக்கம் போனார். "எங்க நம்ம துரை? சிகாகோவுலேருந்து உனக்கு ஒரு கடுதாசியும் இல்லடா ராசா..."

குனிந்தார். வழக்கம்போல் குழந்தையின் கைக்குள் தன் விரலைக் கொடுத்தார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வேறு யாரோ இருப்பதுபோல் ஆயிற்று. விரலை மெதுவாக உருவிக் கால்சட்டையில் துடைத்தார். ஒருமுறை. இன்னொருமுறை.

"தூங்கறானா?" என்று சபினா கேட்டாள்.

"இல்ல. முழிச்சிட்டுதான் இருக்கான்."

"டீ போடறேன், உக்காருங்க."

"வேணாம். இன்னும் ரெண்டு வீடு பாக்கி." பையை எடுத்தார். வாசலில் நின்றார். "வின்னி எப்போ வருவா?"

"இப்போ வந்துடுவாங்க."

"சீக்கிரம் வரட்டும்" என்றார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை. கொஞ்ச தூரம் போய்த்தான் ஏறினார்.

சபினா மத்தை விட்டாள்.

தொட்டிலில் கோல்மன் மல்லாந்து படுத்திருந்தான். அதே செம்பட்டை முடி, காதுமடலில் அதே மடிப்பு. கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்ததும் கைகளை நீட்டினான். அவள் நிம்மதியில் அழுதுவிடப் பார்த்தாள். தூக்கி மடியில் வைத்துப் பால் கொடுத்தாள்.

குடித்தான். அவசரமில்லாமல், இடைவிடாமல், மூச்சுக்குக்கூட நிறுத்தாமல் குடித்தான். இருபது நிமிடத்தில் மறுபக்கம் மாற்றினாள். அதுவும் முடிந்தது. காலையில் கட்டிக்கொண்டு வலித்த மார்பு இப்போது வெறும் தோலாகத் தளர்ந்திருந்தது. குழந்தையின் வயிறு கொஞ்சமும் உப்பவில்லை. குடிக்கும்போது கோல்மன் கண்ணை மூடிக்கொள்வான். இன்று மூடவில்லை.

அவள் சுண்டுவிரலை அவன் வாய்க்குள் விட்டாள். நேற்று மாலை, கீழ் ஈறில் ஒரு பல் முனை வெளியே வந்திருந்தது. உடைந்த அரிசி அளவு. பார்ட்லிகூடத் தொட்டுப் பார்த்து, ஊரைக் கூட்டிச் சொல்லலாமா என்று கேட்டான்.

ஈறு வழவழவென்று இருந்தது. வீக்கமும் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே. எங்கும் இல்லை.

வெளியே வந்த பல் திரும்ப உள்ளே போகாது.

அவள் விரலை எடுத்தாள். எடுத்த பிறகும் அந்த வாய் சப்பிக்கொண்டே இருந்தது.

வின்னி பதினொன்றரைக்கு வந்தாள். கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டாள். வெண்ணெய் கழுவிய ஈரம் தரையில் இல்லை. மேசையில் கிண்ணம் கவிழ்த்தபடியே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தாழியருகே போய் மூடியைத் தூக்கினாள். நுரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கணப்புச் சாம்பலில் துப்பினாள்.

"யார் வந்தா?"

"தபால்கார அண்ணன்."

"கை வச்சானா?"

"வச்சாரு. ஆண்டவர் பேரும் சொன்னாரு."

"வேற யாரு?"

சபினாவின் மடியில் குழந்தை அசையாமல் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால், இந்த வருடம் முழுக்கப் பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"யாருமில்ல அண்ணி."

"நெருப்பு ஏதாச்சும் வெளிய போச்சா?"

"இல்ல."

வின்னி வெளியே போய்க் கொட்டகையிலிருந்து கலப்பைக் கொழுவைத் தூக்கிவந்தாள். அரைக்கதவின் இரண்டு பாதியையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சன்னல் திரையை இழுத்தாள். அடுக்களையில் கணப்பின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. கொழுவைக் கட்டிகளுக்கு நடுவில் செருகி, துருத்தியை மிதிக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யறீங்க?"

"எடுத்தவ எவளோ, இது சிவக்கச் சிவக்க அவ வயித்துல எரியும். தாங்க முடியாம வாசலுக்கு வருவா. எடுத்ததத் திருப்பி வச்சாத்தான் விடணும். அதுவரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது. அழுவா, கெஞ்சுவா. எந்தக் குரல்லயும் கூப்பிடுவா. புரியுதா? நீ மத்தப் பிடி."

சபினா குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். கடைந்தாள்.

இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது. பிறகு ஊதா. நீலம். துருத்தி மூச்சிரைத்தது. புகை வெளியே போக வழியில்லாமல் தாழ்வாக இறங்கிக் கண்ணைக் கரித்தது. தாழிக்குள் சேறு. மேலே, கீழே. மேலே, கீழே. வின்னி உதட்டுக்குள் மாதாவின் மன்றாட்டைச் சொல்லிக்கொண்டே மிதித்தாள். நீலம் கறுத்து, கறுப்புக்குள்ளிருந்து மங்கிய சிவப்பு எழுந்தது.

தொட்டில் ஆடியது.

யாரும் அதை ஆட்டவில்லை. சபினா கழுத்தை மட்டும் திருப்பினாள். குழந்தை விறைத்துப் படுத்திருந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. வாய் அகலமாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கண்கள் இரும்பையே பார்த்தன.

அப்போதுதான் வாசலில் அழுகை கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம். தாழ்வாக. வாசற்கல்லில் கிடத்தி வைத்ததுபோல. நீளமாக ஒரு அழுகை. முடிவில் ஒரு விக்கல்.

மறுபடி அழுகை.

"வந்துட்டா" என்றாள் வின்னி. "நிறுத்தாத. கடை."

"அண்ணி, அது கோல்மன்."

"கோல்மன் தொட்டில்ல இருக்கான். சொன்னேன்ல, எந்தக் குரல்லயும்..."

"அண்ணி, ஒருத்தி வந்தா." சபினாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "காலையில. நெருப்பு எடுத்தா. மத்துல கை வைக்கல. தொட்டில் பக்கத்துல நின்னா. நான் பாக்கல. திரும்பியே பாக்கல."

துருத்தி நின்றது.

வின்னி திரும்பித் தொட்டிலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்தது. அது வடிந்த இடத்தில் வந்ததைச் சபினா இரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. வின்னி பயந்திருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள். திட்டாக அல்லாமல், இரங்கலாக அது வந்தது. பிறகு முழு பலத்தோடு மிதிக்கத் தொடங்கினாள். "இரும்ப எடுக்காத. என்ன ஆனாலும் எடுக்காத. இன்னும் வெள்ளையா சூடேறணும். அவ எடுத்தத வாசல்ல வச்சிருக்கா. இன்னும் கைய விடல. விட்டதும் நாம கதவத் தொறக்கணும். தொட்டில்ல இருக்கற இதைத் தூக்கிட்டு அவளே போயிடுவா. அதுவரைக்கும் தொட்டிலப் பாக்காத. சபினா, என்னப் பாரு. அதைப் பாக்காத!"

சிவப்பு. செஞ்சிவப்பு.

தொட்டிலிலிருந்து இப்போது சத்தம் வந்தது. கோல்மனின் குரல். அதே அழுகை. அதே விக்கல்.

இரண்டு அழுகை. கதவுக்கு வெளியே ஒன்று. உள்ளே ஒன்று.

சபினா பார்த்துவிட்டாள்.

தொட்டிலில் அவள் பிள்ளை. முகம் வெந்த நிறத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை. காதுமடலில் அந்த மடிப்பு. இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டியிருந்தான். உள்ளங்கைகள் சிவந்து, தோல் மினுங்கி, கொப்புளம் கிளம்பப்போவதுபோல் இருந்தது. தொட்டில் நெருப்புக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? இவ்வளவு சூட்டில் எந்தக் குழந்தைதான் வேகாது? பல்லை அவள் சரியாகத் தொட்டுப் பார்த்தாளா? ஈறு வீங்கி மூடியிருக்கலாம். வெளியே அழுவது எதுவோ. கண்ணால் பார்க்காத ஒன்று. இது கண் முன்னால் வேகிறது.

"எரியுது அண்ணி. பிள்ளை எரியறான்."

"அது பிள்ளை இல்ல!"

வெள்ளை. நுனியில் வெள்ளை.

வெளியே அழுகை ஓங்கியது. உள்ளே அழுகை ஓங்கியது. பிறகு தொட்டிலிலிருந்து ஒரு சொல். கோல்மன் இதுவரை எந்தச் சொல்லும் சொன்னதில்லை.

"அம்மா."

இடுக்கி எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. வின்னி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறினாள். கொழுவை உருவி வாளித் தண்ணீரில் போட்டாள்.

ஆவி கூரை வரை எழுந்தது. இரும்பு நீளமாகச் சீறி ஓய்ந்தது.

தொட்டில் ஆடுவது நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. வேலை முடிந்து உட்காரும் வயதானவர்களின் மூச்சு.

வாசலில் அழுகை பாதியில் அறுந்தது. துணி உரசும் சத்தம். கல்லிலிருந்து எதையோ தூக்கும் சத்தம். பிறகு அழுகை மறுபடி. கொஞ்சம் தள்ளி.

இன்னும் தள்ளி.

சபினா தாழ்ப்பாளைப் பிய்த்தாள். வின்னியும் சேர்ந்து இழுத்தாள். வாசலில் யாரும் இல்லை. அழுகை சுவர் மூலையில் கேட்டது. மூலைக்கு ஓடினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஓடையில் முழங்கால் வரை இறங்கி ஏறினாள். மேட்டில் கேட்டது. எப்போதும் ஒரு வயல் தூரத்தில், நின்றால் நின்று, ஓடினால் ஓடி. சதுப்பின் விளிம்பில் இடுப்பு வரை புதைந்தபோது வின்னி பின்னாலிருந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். இருவரும் மழையில் கிடந்தார்கள். மேட்டின் மேல் நல்ல பகல் வெளிச்சம். ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. எங்கும் யாரும் இல்லை.

அழுகை மட்டும் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார்கள். திறந்த கதவு திறந்தபடி இருந்தது. தாழியின் மூடி கீழே கிடந்தது. உள்ளே விளிம்பு வரை வெண்ணெய். இரண்டு மாட்டுப் பாலில் வர முடியாத அளவு. மஞ்சள். தங்க மஞ்சள்.

வின்னி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிண்ணத்தை நிமிர்த்தினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

பார்ட்லி ஆறு மணிக்குச் சதுப்பிலிருந்து வந்தான். முழங்கால் வரை கறுப்பு மண். வெளியே இன்னும் வெயில் இருந்தது, மழை விட்டிருந்தது. வின்னி உருளைக்கிழங்கை வடித்து மேசை நடுவில் கொட்டினாள். தோல் வெடித்து ஆவி பறந்தது. அவன் ஒன்றை உரித்து, வெண்ணெயை அள்ளி வைத்து, வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

"அம்மாடி! இது என்ன வெண்ணெய்! யார் கடைஞ்சது? சபியா? அக்கா, இனிமே உப்பில்லாத ரொட்டிக் கதைய விட்டுடணும் நீ."

வின்னி வெறும் கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றாள்.

"என்ன ரெண்டு பேரும் சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க? சண்டையா? சரி, சண்டைன்னா நான் நடுவுல வரல." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினான். "என் தங்கம் இன்னைக்கு என்ன சமத்து! ஒரு பொட்டு அழல. பாரு, சிரிக்கறான். பாரு சபி."

சபினா பார்த்தாள். அவன் தோளுக்கு மேலாக அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

இதை எப்படிச் சொல்வது? உன் கையில் இருப்பது அவன் இல்லை, உன் மகனை நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன், வாசல் வரை வந்தவனை மறுபடியும் நானே விட்டுவிட்டேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவது? வாயைத் திறந்தாள். வின்னி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம்.

அப்போது கேட்டது. மேட்டிலிருந்து, மெல்லியதாக, காற்று திரும்பும்போது மட்டும்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள் சபினா.

பார்ட்லி காதைச் சாய்த்தான். கேட்டான்.

"ஆட்டுக்குட்டி. ஆத்தாள விட்டுப் பிரிஞ்சிருக்கும்." குழந்தை அவன் சட்டையைச் சப்பத் தொடங்கியது. "பசிக்குது போல இருக்கே இவனுக்கு. இந்தா, குடு."

மடியில் வைத்தான். கனமில்லாமல் இருந்தது. ரவிக்கைப் பித்தானில் அதன் விரல்கள் ஏற்கெனவே இருந்தன, வழி தெரிந்த விரல்கள். சபினா வின்னியைப் பார்த்தாள். வின்னி எழுந்து போய்க் கதவின் மேல்பாதியைச் சாத்தினாள். அழுகை தணிந்தது. நிற்கவில்லை.

வற்றிப்போயிருந்த மார்பு மெல்லக் கனத்தது. நரம்புகள் குறுகுறுத்தன. அவளைக் கேட்காமலே பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது. மேட்டில் அழுதவனுக்காகச் சுரந்தது.

மடியில் இருந்தது வாயைத் திறந்தது. கண்ணை மூடாமல், அவசரமில்லாமல், குடிக்கத் தொடங்கியது.